ஒற்று நீக்கி

உட்துறைமுக வீதியில் பதினொரு கல்.
மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே இங்கிலீசு.
நகரசபை எனக்கு நடுப்பகுதியைத் தந்தது,
எழுத்துக்குப் பதினெட்டு ரூபாய்.

புள்ளி வைத்த எழுத்துக்குக் காசில்லை என்றார் டீ.ஓ.
"செய்யுளிலேயே ஒற்றை எண்ணுறேல்ல, தம்பி.
ஒற்று நீக்கித்தான் கணக்கு."
தமிழ் படித்த மனுசன். நான் என்ன சொல்ல?
நிமலரத்னவிடம் கேட்டேன்.
அவனுக்கும் கொடி ஏறிய எழுத்துக்குக் காசில்லையாம்.
இங்கிலீசுக்காரன் ஸ்டென்சில் கொண்டுவந்து
ஒரே பகலில் முடித்துப் போய்விட்டான்.

திருகோணமலை என்று எழுத எனக்குப் பிடிக்கும்.
ஆறு எழுத்து, ஒரு புள்ளி கிடையாது.
நூற்றெட்டு ரூபாய், முழுசாக.

கல்லுக்குக் கல் யாரோ ஒருவன் கப்பலால் இறங்குகிறான்,
அடுத்த கல்லில் இன்னொருவன் அவனைத் துரத்துகிறான்.
ஐந்தாவதில் ஆண்டு மட்டும் மிச்சம்,
என்ன நடந்ததென்று சபையிலும் தெரியாது.
ஆண்டை எழுதினேன்.
இலக்கத்துக்கும் எழுத்துக் கூலிதான்.

ஏழாவது, குண்டு விழுந்த கல்.
நாற்பத்திரண்டு. சித்திரை பிறக்க நாலைந்து நாள் இருக்க
காலைத் தேத்தண்ணி நேரம்.
இரண்டு துரைமாரின் பெயர், பதவியோடு, பட்டத்தோடு.
அதற்குப் பிறகு
மற்றும் பலர்.

ஏழு எழுத்து. மூன்றில் புள்ளி.
பலர் என்பதற்கு மட்டும் பார்த்தால்
முப்பத்தாறு ரூபாய்.

உதுமாலெவ்வை மீன்பெட்டிச் சைக்கிளை மதிலில் சாய்த்தார்.
"பலர் எண்டது எங்கட மூத்தவாப்பா.
கரிமூட்டை ஏத்தினவர்.
ஊட்டுக்கு வந்தது ஒரு செருப்பு."
பெயர் எழுத இடமில்லை, உத்தரவும் இல்லை.
புள்ளிக்குத்தான் கணக்கில்லையே
என்று அப்போது பட்டது.
கல்லின் அடிவிளிம்பில், புல் மறைக்கிற உயரத்தில்,
சின்னத் தூரிகையால் ஒன்று வைத்தேன்.
குந்தியிருந்து பார்த்தார்.
"நல்ல வட்டம்" என்றார்.
பொலித்தீன் பையில் நாலு சூடை தந்தார்.

மறுநாள் பிலோமினா, இளைப்பாறிய தாதி.
அவவின் அம்மாவுக்கு முதல் கலியாணம் ஒன்று இருந்ததாம்.
அந்த மாப்பிள்ளையின் பெயரை அம்மா
சாகும்வரை சொல்லவில்லையாம்.
புள்ளிக்குப் பெயர் தேவையில்லை என்றேன்.

சனிக்கிழமைக்குள் ஆறு.

பிறகு ஒரு பெடியன், ஹெல்மெட்டைக் கழற்றாமல்:
"வேற வருசத்துக்கும் வைப்பீங்களா?"
இந்தக் கல் நாற்பத்திரண்டுக்கு மட்டும் என்றேன்.
தலையாட்டினான்.
மோட்டார்சைக்கிளை உதைக்கவில்லை.
நான் பெயின்டைக் கலக்கிக்கொண்டிருந்தேன்,
கலக்க அதில் ஒன்றுமில்லை.
எந்த வருசம் என்று கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவான்.
ஏழாவது புள்ளி கொஞ்சம் வழிந்துவிட்டது.

டீ.ஓ. வந்து விரல் வைத்து எண்ணினார்.
"அடியில என்ன இது?"
பெயின்ட் தெறிச்சது, சேர்.
"வரிசையாவா தெறிக்கும்?"
கடல்காத்து.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
திரும்பவும் குனிந்தார்,
பிறகு பில்லில் ஒப்பமிட்டார்:
சிற்றம்பலம். ஏழு எழுத்து, மூன்றில் புள்ளி.
தூரிகைக் காசு கழித்துத்தான் வந்தது.

ஆறு மாதம் கழித்து பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன்.
ஏழாவது கல்லில் ஒரு மான் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது.
மணியடித்து இறங்கி விரட்டினேன்.
அப்போதுதான் கண்டேன்,
மேலே, சிங்கள வரிகளின் ஓரமாய்,
நிமலரத்னவின் கறுப்பில், எட்டு.
போன் எடுக்கலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

என்னுடையதில் ஒன்று உரிந்துபோயிருந்தது.
யாருடையது என்று நான் எங்கேயும் எழுதிவைக்கவில்லை.
வழிந்தது மட்டும்
அப்படியே இருந்தது.